மருத்துவரும் உறங்க வேண்டும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைத்தல் மரபு. எமக்கு முன் பேசியவர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டார்கள். விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு 'கல்வியும் சமுதாயத் தொண்டும்' என்பதாகும். அத்தலைப்பினுள் நின்றே, நம் மருத்துவர்கள் தம் உடலையும் உள்ளத்தையும் பேணிக்கொள்ளுதல் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். இச்சங்கம் தொடங்கிய நாளில் நம் தெருக்களில் மருத்துவர் ஒருவரும் இல்லை. இன்று இம்மன்றத்தில் பலர் இருக்கிறார்கள். ஊராரின் நோயைத் தீர்ப்பவர் உடல் தளர்ந்தால் என்செய்வது என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் தோன்றவில்லை.

முதற்கண் எமது பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எமது மாணவர் ஒருவர் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். தந்தையார் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. தாயார் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். ஊரே திரண்டு பாராட்டு விழா எடுத்தது. வாழ்த்திப் பேசிய நாம், "தம்பி! இன்று முதல் உன் உறக்கம் உனக்குச் சொந்தமன்று, அது இந்த ஊருக்குச் சொந்தம்" என்று முழங்கினோம். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நல்லதொரு சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று நாமும் மகிழ்ந்தோம்.

இரண்டாண்டுகள் கழிந்தன. மாட்டுப் பொங்கலன்று காலை, மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த கையோடு அவர் பேருந்தில் வந்து இறங்கினார். எட்டு மணிக்குள் அவர் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பேர் கூடிவிட்டனர். ஒருவர் கையில் ஸ்கேன் படம். ஒருவர் கையில் மாத்திரை அட்டை. ஒருவர்க்கு மூட்டு வலி. ஒருவர்க்கு மகளின் கருப்பை பற்றிய ஐயம். அவ்வரிசையில் நாமும் நின்றோம், எமது சர்க்கரைச் சோதனைச் சீட்டுடன். எமது முறை வந்தபோது அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார், மீண்டும் பார்த்தார், மூன்றாம் முறையும் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஐயா, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, பொருள் மனத்தில் ஏறவில்லை. நான் படுத்து முப்பது மணி நேரம் ஆகிறது. எதையேனும் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது" என்றார். உள்ளிருந்து அவருடைய தாயார், "பொங்கல் ஆறிப் போய்விட்டது ஐயா, பிள்ளை இன்னும் ஒரு வாய் வைக்கவில்லை" என்றார்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். மேடை அழகுக்காக நாம் சொன்ன சொல்லை, அப்பிள்ளை ஆசிரியர் இட்ட கட்டளையாகவே ஏற்று நடந்திருக்கிறார். ஆதலின், இன்று அதே போன்றதொரு மேடையில், அத்தனை பேர் அறியச் சொன்ன அச்சொல்லை அத்தனை பேர் அறியத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். தம்பிமார்களே, தங்கைமார்களே, உங்கள் உறக்கம் உங்களுக்கே சொந்தம்.

இஃது இரக்கத்தால் மட்டும் சொல்லும் சொல்லன்று. 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர்களான டாசன், ரீட் ஆகிய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது; 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழ 0.10 விழுக்காடு உள்ளவரின் நிலையை எய்துகிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 0.03 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ளவர் வண்டி ஓட்டுதலையே குற்றம் என்கிறது. மிதிவண்டியும் ஓட்டத் தகாத நிலையில் இருப்பவர் கையில் நாம் கத்தியையும் ஊசியையும் கொடுத்து, நம் உயிரையும் ஒப்படைக்கிறோம். 2004ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வொன்றும் இதனையே காட்டிற்று. 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்பணி செய்யும் பழைய முறையில், பணி நேரம் குறைக்கப்பட்ட முறையைக் காட்டிலும், பயிற்சி மருத்துவர்கள் செய்த பெருந்தவறுகள் 36 விழுக்காடு கூடுதலாக இருந்தன. ஆகவே மருத்துவரின் உறக்கம் அவருடைய சுகமன்று. நோயாளிக்கு அளிக்கும் மருந்தில் ஒரு பங்கு.

வள்ளுவப் பெருந்தகையும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்னும் நால்வகையும் கூடியதே மருத்துவம் என்று வகுத்தார். நான்கு கால்களில் ஒன்று இற்றுப்போனாலும் கட்டில் நிற்காது. மருந்து உண்டா என்று கேட்கிறோம். கருவி உண்டா என்று கேட்கிறோம். மருத்துவர் உண்டாரா என்று எவர் கேட்கிறோம்?

நம் மக்களுக்கு ஓய்வு என்பது எளிய சொல்லன்று. நம் முப்பாட்டன்மார் இந்தத் தென்னார்க்காட்டு மண்ணில் பண்ணையாள்களாக இருந்தபோது, விடியுமுன் ஏர் பூட்டி, இருட்டிய பின் குடிசை புகுந்தனர். ஓய்வு ஆண்டைக்கு உரியது. உழைப்பு நமக்கு உரியது என்பதே அன்றைய நீதி. அதோ தெரியும் கல்வராயன் மலையிலும் மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. 1976இல் அரசு அந்நிலப்பகுதிகளை ஏற்ற பின்னரே அந்நிலை முற்றும் முடிவுக்கு வந்தது. தன் உடலின் நேரம் தனக்கு உரியதன்று என்னும் நிலையையே நாம் அடிமை என்று அழைத்தோம். அந்நிலையிலிருந்து மீண்ட மக்கள், தம் முதல் மருத்துவனைப் பார்த்து, 'உன் நேரம் உனக்குரியதன்று' என்று சொல்லலாமா?

அண்ணல் அம்பேத்கர் இதனை நன்கு அறிந்தவர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அவர், 1946இல் கொண்டுவந்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டத்தின் வழியே ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. பிறர்க்கு ஓய்வைச் சட்டமாக்கித் தந்த அப்பெருமகனார் தமக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை நோய் அவரை வாட்டியது. கால் வலியும் உறக்கமின்மையும் வருத்திய காலத்திலேயே அரசமைப்புச் சட்ட வரைவுப் பணியைச் சுமந்தார். 1948 ஏப்ரல் 15 அன்று அவர் மணந்துகொண்ட சாரதா கபீர் அம்மையார், பின்னாளில் சவிதா அம்பேத்கர், ஒரு மருத்துவர். அவருடைய கவனிப்பு இருந்தும், 1956 டிசம்பர் 6 அன்று, 65ஆம் வயதில் அண்ணல் மறைந்தார். அவர் எழுதி முடித்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலை அச்சில் காண அவர் இல்லை. அது 1957இல்தான் வெளிவந்தது. அவர் கண் விழித்த இரவுகளை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். இன்னும் பத்தாண்டு அவர் வாழ்ந்திருந்தால் நாம் பெற்றிருக்கக்கூடியவற்றை ஒருநாளும் கணக்கிட்டதில்லை. தலைவரின் தியாகத்தைப் போற்றுவோம். அதன் விலையையும் மறவாதிருப்போம்.

இனி, நம் ஊருக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12 அன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள். நம் பிள்ளைகள் மருத்துவம் கற்கச் சென்னைக்கும் மதுரைக்கும் செல்ல வேண்டிய காலம் மாறியது கண்டு மகிழ்ந்தோம். இரண்டரை ஆண்டும் நிறையாத நிலையில் 2024 ஜூன் மாதம் வந்தது. கருணாபுரத்துத் துயரை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டோரில் பலர் நம் மக்கள். இருநூறு பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மெத்தனால் உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் குருதியைக் கெடுக்கும், கண் நரம்பைத் தாக்கும், மூச்சை நிறுத்தும். வரிசை வரிசையாக வந்து இறங்கியோரில் யாருக்கு முதலில் மூச்சுக்குழாய், யாருக்கு முதலில் குருதிச் சுத்திகரிப்பு, யாரைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்புவது என்று நொடிக்கு நொடி முடிவெடுத்தவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களுமே.

அத்துயருக்குப் பின் விசாரணை ஆணையம் அமைந்தது; நிவாரணம் வழங்கப்பட்டது. அவை வேண்டியவையே. ஆனால் ஒரே இரவில் பலருடைய கண்களை மூடிவிட்டு, வாயிலில் நின்ற மனைவியிடமும் மகளிடமும் அச்செய்தியைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மீண்டும் வெள்ளை அங்கி அணிந்த இளம் மருத்துவரைப் பார்த்து, 'நீ எப்படி இருக்கிறாய்?' என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கேட்கத் தெரிந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். எமது மாணவி ஒருவர் கல்வராயன் மலையில் சில காலம் பணியாற்றினார். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறிச் செல்லும் வழி உங்களுக்குத் தெரியும். மரவள்ளியும் சாமையும் விளையும் அச்சரிவுகளில் ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவு. மழைக்கால இரவில் பாம்புக்கடியும் பிரசவ வலியும் நேரம் பார்த்து வருவதில்லை. முதல் மூன்று மாதங்கள் தேநீராலேயே உயிர் வாழ்ந்ததாக அவர் எம்மிடம் கூறியதுண்டு. ஓரிரவு, மிகவும் காலம் கடந்து கொண்டுவரப்பட்ட ஒரு தாயின் பிரசவத்தில் குழந்தை பிழைக்கவில்லை. அதன்பின் பத்து நாள் அவர் எவரிடமும் பேசவில்லை. பணியை மட்டும் செய்தார். நெடுங்காலம் மலையில் பணி செய்து முதிர்ந்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஒருநாள் மாலை அவர் அருகே வந்து அமர்ந்து, "டாக்டரம்மா, அழுதுவிடுங்கள், அழாமல் வைத்திருந்தால் அடுத்த பிரசவத்தில் கை நடுங்கும்" என்றாராம். அன்று அவர் அழுதார். அச்செவிலியரே கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுத்து, அவர் உறங்கும்வரை வெளியே காவலாக அமர்ந்திருந்தார்.

பெரிய நூல்கள் சொல்வதும் இதற்கு மேல் இல்லை. 1974இல் நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் பணிபுரிந்த ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், மிகுந்த ஈடுபாட்டோடு தொண்டு செய்தவர்களே விரைவில் எரிந்து தீர்ந்து போவதைக் கண்டு எழுதினார். சோம்பேறிகளுக்கு அந்நிலை வருவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இப்பணிச்சோர்வை ஒரு நோயாக அன்றிப் பணியிடத்தால் விளையும் நிலையாகக் குறித்தது. அதன் அடையாளங்கள் மூன்று: ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, பணியின் மேலும் நோயாளியின் மேலும் வெறுப்பு, 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம். எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்த மருத்துவர் ஒருவர் எரிந்து விழுகிறார் எனின், அவர் செருக்குற்றார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் தீர்ந்துகொண்டிருக்கிறாரோ என்று எண்ணிப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதன்மேல் இன்னொரு சுமையும் உண்டு. 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் கிடைத்தது. அதன் வழியாகவும் ஆதிதிராவிடர் இடஒதுக்கீட்டின் வழியாகவும் உள்ளே சென்ற பிள்ளைகள், தம் தகுதியை நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டியவர்களாகத் தம்மை உணர்கிறார்கள். பிறர் ஒருமுறை செய்வதை இருமுறை செய்கிறார்கள். 'முடியவில்லை' என்று சொன்னால் தம்மை மட்டுமன்றித் தம் மக்களையே இழித்துரைப்பார்களோ என்று அஞ்சி, காய்ச்சலோடும் பணிக்குச் செல்கிறார்கள். 2019 மே 22 அன்று மும்பையில் உயிர் துறந்த பழங்குடியினப் பெண் மருத்துவர் பாயல் தட்வியின் பெயரை நீங்கள் அறிவீர்கள். சாதி சார்ந்த துன்புறுத்தலே காரணம் என்று அவர் குடும்பத்தார் முறையிட, வழக்கு நீதிமன்றம் சென்றது. அவருக்கு 26 வயது. அப்பெண் பிறந்த வீட்டிலும் ஒரு பாராட்டு விழா நடந்திருக்கும் அன்றோ? பிள்ளைகளே, இழிசொல் கேட்டால் அதனை உள்ளே புதைக்காதீர்கள். அஃது உங்கள் குறையன்று. எழுத்தில் முறையிடுங்கள், எம்மிடம் சொல்லுங்கள், இச்சங்கம் உங்களுடன் நிற்கும். உள்ளம் இருண்டு, உயிரின் மேல் வெறுப்புத் தோன்றும் நேரம் எவருக்கும் வரலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். பிறர்க்கு மருந்தெழுதும் கை அவ்வெண்ணை அழுத்தக் கூசுதல் வேண்டா.

இனி, மருத்துவச் செல்வங்களுக்கு ஓர் ஆசிரியரின் உரிமையோடு சில கூறுவோம். மருத்துவம் நாம் அறியோம். ஆனால் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் வாடிய முகத்தைப் படித்துப் பழகியவர்கள் நாங்கள்.

முதலாவது, உறக்கத்தைக் கடனாகக் கருதுங்கள். இரவுப் பணி முடித்த பகலில் அறையை இருட்டாக்கி உறங்கிய பின்னரே மற்ற வேலை. உறங்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வராதீர்கள். பேருந்தில் வாருங்கள், அல்லது மறுநாள் வாருங்கள்.

இரண்டாவது, வேளைக்கு உண்ணுங்கள். தேநீரும் பிஸ்கட்டும் உணவாகா. புறநோயாளிகள் வரிசை நீண்டதாயினும் பதினைந்து நிமிடம் எழுந்து சென்று உண்டு வருபவரை நோயாளிகள் வெறுப்பதில்லை. தண்ணீர்ப் புட்டி மேசைமேல் இருக்கட்டும்.

மூன்றாவது, உங்களுக்கென்று ஒரு மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள். தனக்குத் தானே மருந்தெழுதிக்கொள்வதும், உறக்கத்துக்கு மாத்திரையையும் களைப்புக்கு மதுவையும் நாடுவதும் மருத்துவர்களிடையே உள்ள பேரிடர்கள். ஆண்டுக்கொருமுறை உங்கள் குருதியும் சோதிக்கப்படட்டும்.

நான்காவது, துயரைப் பகிருங்கள். நோயாளி ஒருவர் இறந்த நாளில், உடன் பணி செய்தவர்களோடு பத்து நிமிடம் அமர்ந்து பேசுங்கள். மலைமேல் அச்செவிலியர் கற்பித்த பாடம் அதுவே. எமது மாணவி அன்று முதல் இன்று வரை ஞாயிறுதோறும் கல்லூரித் தோழியர் இருவரோடு தொலைபேசியில் பேசுவதை விடவில்லை. மாலையில் அரை மணி நேரம் நடக்கிறார். நடக்கும்போது மருத்துவம் பேசுவதில்லை என்று விதி வைத்திருக்கிறார்.

ஐந்தாவது, 'இப்போது இயலாது' என்று சொல்லப் பழகுங்கள். உயிர் காக்கும் அவசரம் வேறு. திண்ணை ஆலோசனை வேறு. உங்களைப் பேணுவது தன்னலமாகுமோ என்று ஐயுறாதீர்கள். உலக மருத்துவர் சங்கம் 1948இல் வகுத்த ஜெனீவா உறுதிமொழியில், நியூசிலாந்து மருத்துவர் சாம் ஹேஸல்டைன் போன்றோரின் வேண்டுகோளை ஏற்று, 2017இல் ஒரு புதிய கடமை சேர்க்கப்பட்டது. உயர்ந்த மருத்துவம் அளிக்கும் பொருட்டுத் தன் உடல்நலத்தையும் மனநலத்தையும் திறனையும் பேணுவேன் என்பதே அதன் பொருள். இன்று அதுவும் மருத்துவ அறம்.

ஆயினும், எல்லாவற்றையும் மருத்துவர் தலையிலேயே கட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடலாகாது. பத்துப் பேர் செய்ய வேண்டிய பணியை ஆறு பேர் செய்யும் இடத்தில், மூச்சுப் பயிற்சி செய் என்று அறிவுரை கூறுதல் பசித்தவனுக்குச் சமையற் குறிப்பு கொடுத்தலை ஒக்கும். 1992ஆம் ஆண்டிலேயே மைய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் தொடர்பணி 12 மணிக்கு மேற்படாமலும் வாரப் பணி 48 மணிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கையோ, வாரம் 74 மணிக்கு மேற்படலாகாது, வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டும், நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேர உறக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆலைத் தொழிலாளிக்கு அண்ணல் 48 மணி பெற்றுத் தந்தார். நம் பயிற்சி மருத்துவர்க்கு 74 மணிக்கே பரிந்துரை வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவில் நெடும்பணிக்கு இடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பயிற்சிப் பெண் மருத்துவர் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். மருத்துவர் பாதுகாப்பாகப் படுக்க ஓர் அறை வேண்டும் என்பதும், காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும் என்பதும் மருத்துவர் சங்கங்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. நோயாளிகளாகிய நம் கோரிக்கைகளும் ஆகும். அடுத்த கிராம சபையில் நாம் பேச வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

பெற்றோர்க்கும் ஊரார்க்கும் நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு. பண்டிகைக்கு வரும் பிள்ளையிடம் நோய்ச் சீட்டை நீட்டாதீர்கள். இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீடு தேடி வரத் தொடங்கின. அரசு மருத்துவமனையில் புறநோயாளி பிரிவும் உண்டு. அவசரத்துக்கு 108 உண்டு. நள்ளிரவில் நம் பிள்ளையை எழுப்புமுன் அவ்வெண்ணை அழையுங்கள். வண்டியாவது உடனே புறப்படும். மகன் மருத்துவராகிவிட்டான் என்பதற்காக அண்ணன் வீட்டுக் கடனையும் தங்கை திருமணத்தையும் ஒரே ஆண்டில் அவன் தலையில் ஏற்றாதீர்கள். தொலைபேசியில் பேசும்போது, 'எவ்வளவு அனுப்பினாய்' என்பதற்கு முன் 'சாப்பிட்டாயா, உறங்கினாயா' என்று கேளுங்கள். சிகிச்சை பலிக்கவில்லை என்று மருத்துவர் மேல் கை ஓங்குதல் 2008ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி குற்றம். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியிலேயே கத்தியால் குத்தப்பட்டார். நோயாளியின் வீட்டார்க்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமை சொல்லால் ஆளப்பட வேண்டும்.

இறுதியாக, இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஆண்டுக்கொருமுறை நம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் அவர்தம் குடும்பத்தோடு அழைத்து ஒருநாள் கூட்டுவோம். அன்று எவரும் சீட்டு நீட்டலாகாது. எவரும் சொற்பொழிவு ஆற்றலாகாது, நாம் உட்பட. கோமுகி அணைப் பூங்காவில் கூடி அமர்ந்து, நம் வீட்டுச் சோற்றை உண்டு, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருந்து, மாலையில் திரும்பினால் போதும். தொண்டு செய்பவர்க்கு நாம் செய்யும் தொண்டு அதுவாகட்டும்.

மாட்டுப் பொங்கலன்று எமது சீட்டை மூன்று முறை பார்த்த அம்மருத்துவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். எமது சர்க்கரைச் சீட்டை இப்போது அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றே காட்டி வருகிறோம். அவர் கவலைப்பட வேண்டா. இன்று காலை வாயிலில் அவரைக் கண்டவுடன், "தம்பி, நேற்றிரவு உறங்கினாயா?" என்று கேட்டோம். "ஏழு மணி நேரம், ஐயா" என்றார். இவ்வெள்ளி விழாவில் எம் செவியில் விழுந்த நற்செய்திகளுள் அதனையே தலையாயதாகக் கருதுகிறோம்.